மருமகளிடம் கேட்டால் மாமியார் சொல்கிறார்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அருகமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோரே! மடியில் மழலையும் மனத்தில் மலையளவு கவலையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இந்தச் செவிலியின் வணக்கம்.

எடையை அளக்க எந்திரம் உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. பயத்தை அளக்க என்ன உண்டு? பின்வரிசை அண்ணன் "ஒண்ணுமில்ல" என்கிறார். உண்டு அண்ணா, கேள்வி உண்டு! "மனசு படபடன்னு அடிச்சுக்குதா? பிள்ளை தூங்கியும் உனக்குத் தூக்கம் வரலையா?" கருவுற்றவளிடமும் பிள்ளை பெற்றவளிடமும் எங்கள் மருத்துவமனையில் கேட்கிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு விந்தை கண்டேன். ஒருத்திக்கும் பயமில்லை! அத்தனை பேருமா தைரியசாலிகள்? இது என் மண்டையைக் குடைந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு பெண்ணின் வாயையே பார்த்தேன். வாய் திறக்கவில்லை, பதில் மட்டும் வந்தது! பக்கத்து நாற்காலி மாமியாரிடமிருந்து வந்தது! "அவளுக்கென்னம்மா குறை? ராணியாட்டம் வெச்சிருக்கோம்!" சிரிக்காதீர்கள் ஐயா, கணவன்மாரும் இதில் சளைத்தவர்கள் அல்லர்.

அப்படித்தான் ஆயத்த ஆடை ஆலையில் தைக்கும் ஒரு பெண் வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். குழந்தை மாமியார் தோளில். "பிள்ளையைத் தூக்கற வேலைகூட இவளுக்கு வெக்கறதில்ல," என்றார் அந்தம்மா பெருமையாக. பெண்ணோ குழந்தையின் துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதே கேள்வியைக் கேட்டேன். உடைந்து அழுதுவிட்டாள்.

"நான்தான் தூக்கறதில்லக்கா. கீழ போட்டுடுவேனோன்னு கை நடுங்குது. வெளிய சொன்னா பிள்ளையை என்கிட்டருந்து பிரிச்சிடுவாங்க."

பிரிப்பதா? அச்சம் என்ன குற்றமா? அச்சப்படுபவள் தாயில்லையா? இது பலருக்கும் வருவது, சிகிச்சை உள்ளது என்று அவளிடம் சொன்னேன். அவளே மாமியாரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். "அடக் கடவுளே, உன்னைப் பேசவே விடலையே நான்!" என்று அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவரிடம் தொடர்ந்து வந்தாள். நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் பிள்ளையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்தாள்! மாமியார் எங்கே? நான் சொல்லுமுன்பே வெளியே போய்விட்டார். போகிற போக்கில், இன்னொரு மருமகளோடு உள்ளே நுழையப் பார்த்த அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்தார்: "வாங்கக்கா, நாம இங்க உக்காருவோம். கேள்வி நமக்கில்ல!"

என் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டீர்கள், நன்றி. வீட்டுக்குப் போய் உங்கள் மருமகள் பேச்சையும் மனைவி பேச்சையும் இப்படியே கேளுங்கள். வணக்கம்!