நீல டிரம்

சிதம்பரத்தில் வேலை கிடைக்காமல் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள், நாத்தனாரும் அண்ணியும். ஜன்னலோரம் நாத்தனாரின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷமா இவளுக்கு ஒரே பாவாடை சரியா இருக்கு அண்ணி. துணி மிச்சம்னு சந்தோஷப்பட்டேன் பாரு, என்னையத்தான் சொல்லணும்."

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"பதினாலு வயசுக்கு இந்த வளர்த்தி பத்தாதாம். குடிதண்ணி எதுல புடிச்சு வைக்கிறீங்கன்னாரு. கெமிக்கல் கம்பெனி குடுத்த நீல டிரம்முலன்னேன்."

"போர்வெல் தண்ணி நாறுதுன்னு சண்டை போட்டப்ப, தெருவுக்கே குடுத்தாங்களே."

"ஆமா, லாரித் தண்ணி புடிச்சு வெச்சுக்கங்கன்னு. நாமளும் மஞ்ச குங்குமம் வெச்சு வீட்டுக்குள்ள எடுத்தோம். முன்னாடி அதுல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

"அதாலதான் வளரலையாமா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதாம். ஆனா இனிமே அதுல ஒரு வாய் குடிக்கக் கூடாதாம். கம்பெனிக்குப் போன் போட்டா, நல்லா கழுவித்தான் குடுத்தோம், காய்ச்சிக் குடிங்கன்றான்."

"தூக்கி எறி அத."

"எதுக்கு எறியணும்? நாளைக்கு அந்தத் தண்ணியோட கம்பெனி கேட்டுக்குப் போறேன். மேனேஜரு ஒரு டம்ளர் குடிக்கட்டும்."

"நீ ஒருத்தியாவா போவ?"

"வேற யாரு வருவா?"

 அண்ணி தூங்கும் பெண்ணையே பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தன் வீட்டுக்குப் பேசினாள்.

"நம்ம டிரம்முத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. கீழயும் ஊத்தாதீங்க. நாளைக்கு வேணும்."