'போதும்' என்பதை மறந்த செல்

தலைமை தாங்கும் நெசவாளர் சங்கத் தலைவர் குமரகுரு அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளிலிருந்து எழுந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கன்னியர் மடப் பள்ளியில் படித்து, அங்கேயே முப்பத்தொரு ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள் நான். ஒரு செல் இரண்டாகப் பிரிவதைக் கரும்பலகையில் அளவு பிசகாமல் வரைவேன். பிசகினால் அழித்துவிட்டு மறுபடி வரைவேன்.

செல் ஏன் பிரிகிறது? கருவிலுள்ள குழந்தை வளர வேண்டும், பிரிகிறது. சரிகை கிழித்த விரல் ஆற வேண்டும், பிரிகிறது. எப்படிப் பிரிகிறது? தனக்குள் இருக்கும் மரபுச் செய்தியை எழுத்து விடாமல் படியெடுக்கும். படிகளை இரு பக்கமும் இழுக்கும். நடுவே இறுகி இரண்டாகும். காயம் மூடியதும் நின்றுவிடும். யார் சொல்லி நிற்கிறது? 'போதும்' என்ற கட்டளை அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. படியெடுக்கையில் அந்த எழுத்துச் சிதைந்தால்? நிற்காதம்மா, நிற்கவே நிற்காது!

என் தங்கை சங்கரி சேலை நெய்பவள். என் கணவர் மறைந்தபின் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். போன தை மாதம் வந்தாள். "அக்கா, மார்ல கட்டியாட்டம் இருக்குதுக்கா" என்றாள்.

குனிந்து நெய்கையில், நெய்த சேலையைச் சுற்றும் கட்டை மார்பில் அழுந்தும். எந்தக் கட்டி வந்தாலும் நம் தெருவில் பழி அந்தக் கட்டைமேல்தான். செல்லைக் கற்பித்த நான் என்ன சொன்னேன்?

"தறிக்கட்டை இடிச்சிருக்கும்டி. நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு."

எட்டு மாதம் தடவினாள். டீச்சர் அக்கா சொல்லிவிட்டாளே! இன்று நுரையீரல்வரை பரவிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்கிறார்கள். கரும்பலகையில் அழித்தேனே, இதை எதைக் கொண்டு அழிப்பேன்?

வாசலில் மார்பகப் பரிசோதனை வண்டி காலையிலிருந்து நிற்கிறது. ஒருத்திகூட ஏறவில்லை.

யாரம்மா அங்கே? இந்திராணியா? எழுந்து பேசு.

"டீச்சரம்மா, எனக்கும் கட்டை இடிச்சிதான் மூணு மாசமா வீங்கிக்கினு இருக்குது. முகூர்த்தச் சேலைமா, இன்னும் ஒரு முழம் பாக்கி. முடிச்சிட்டு வரேன்."

சிரிக்காதீர்கள். கட்டை இடித்ததாகவும் இருக்கலாம், இந்திராணி. நானும் அன்று அவ்வளவு உறுதியாகத்தான் இருந்தேன்.

இன்னும் நான்கு பக்கம் எழுதி வந்திருக்கிறேன். மடித்துவிட்டேன். அதில் ஒரு வரிகூட என் தங்கைக்கு உதவாது. தலைவர் பொறுத்தருள வேண்டும். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.

இந்திராணி, செருப்பைப் போட்டுக்கொள். இறங்கி வருகிறேன், இருவரும் சேர்ந்தே ஏறுவோம்.