அழுகண்ணிக்கு மழைத்தண்ணீர்

அழுகண்ணிச் செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. உப்பு பட்டால் கருகிவிடும். மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், இரண்டுதான். இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகிறது.

நேற்று ஸ்டேஷனில், "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றீர்கள். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தெட்டு வருடம் கடிதம் எழுதியவன் நான். தேதிவாரியாக எழுத வரும். பெயர் குணபத்திரன், வயது அறுபத்து நான்கு, குடியிருப்பு திண்டிவனம். இறந்துபோனவள் என் மனைவி ஜெயமதி.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். அப்படிப்பட்ட வீட்டில் பூச்சி தின்னும் செடி எதற்கு என்று ஜெயமதி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒலக்கூர்ப் பக்கம் ஏரி ஈரமணலில் கண்டு எடுத்துவந்து, தொட்டிகளில் விதைபோட்டுப் பெருக்கினேன். காசளவு செடி, சிவப்பு, இலை முழுக்கப் பனித்துளி போலப் பசை. எறும்பு வந்து ஒட்டிக்கொண்டால் இலையின் ரோமங்கள் மெல்ல மடியும். "எறும்ப துன்னுது. நம்ம வூட்ல இதுக்கு இன்னா வேலை?" என்பாள். அது யாரையும் தேடிப் போவதில்லை, இருந்த இடத்தில் இருக்கிறது, வருவது எறும்புதான் என்று நானும் விளக்கியிருக்கிறேன்.

போன வருடம் தை மாதம் பென்ஷன் வேலையாக இரண்டு நாள் விழுப்புரத்தில் தங்கினேன். திரும்பி வந்தபோது எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் தளும்பி நின்றது. "பாவம், காஞ்சிக்கினு இருந்துச்சி. நான்தான் ஊத்தினேன்" என்றாள். உப்பான போர் தண்ணீர். சில நாட்களில் அறுபத்தோரு செடியும் கறுத்துப்போயின. தேதியை மட்டும் குறித்துவைத்தேன்.

புரட்டாசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஐப்பசியில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. "வேணாம்." எதற்கும் அதுதான். காபிக்குக் கையை நீட்டிக்கொண்டே வேணாம் என்பாள். ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் வேணாம்தான். மற்ற சொற்கள் உள்ளே சிக்கிக்கொண்டன, இது மட்டும் வெளியே வருகிறது என்றார் டாக்டர்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வந்த ஜெசிந்தா இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். "வாய பாக்காதீங்க சார், கைய பாருங்க" என்பாள். ஒருநாள், "இன்னாம்மா, உங்களுக்கு மட்டன் பிரியாணி வாங்கியாரட்டா?" என்றாள்.

"வேணாம்."

"அப்பாடா, இது ஒண்ணுதான் நெசமான வேணாம்."

ஜெயமதி ஒருபக்க வாயால் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பழைய விதை ஒரு தபால் உறையில் மிச்சம் இருந்தது. தூசு மாதிரி விதை. மார்கழிக் கடைசியில் நாற்பத்து மூன்று நாற்று மாற்றி நடும் பக்குவத்துக்கு வந்தன. பல்குத்தும் குச்சியால் சுற்றியுள்ள மண்ணோடு தூக்க வேண்டும். இலையில் விரல் படக் கூடாது. ஒரு நாளில் நான்குக்கு மேல் நட்டால் கை அலுத்துப் பிழை வரும். ஆக, பதினோரு நாள் வேலை.

கூடத்தில் அவள் கட்டிலுக்கு எதிரே மேசை போட்டுக்கொண்டேன். முதல் நாள் காலை, இங்க் ஃபில்லரால் நாற்றுக்குத் தண்ணீர் விடும்போது அவள் "வேணாம்" என்றாள். இடது கை தண்ணீர் டம்ளரை நோக்கி நீண்டிருந்தது. அன்று நான் கையைப் பார்க்கவில்லை. வாய் சொன்னதை எடுத்துக்கொண்டேன். மனைவி சொல்லை மதிப்பது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

எங்களில் சல்லேகனை என்று ஒரு நோன்பு உண்டு. வாழ்ந்து முடித்தவர், தானே கேட்டு, குருவின் அனுமதி பெற்று, உணவையும் பிறகு நீரையும் படிப்படியாக விடுவது. தானே கேட்டு என்பதுதான் அதில் முக்கியம். நான் எந்தக் குருவிடமும் போகவில்லை. "சோறு தண்ணி எது கேட்டாலும் வேணாம்னுதான் சொல்றா, வந்து நீயே கேளு" என்று பெங்களூரிலிருந்து அவள் தம்பி ஜிதேந்திரனை மட்டும் வரவழைத்தேன். அவன் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. அப்போது அந்த ஒரு சொல்லும் அவளுக்கு வரவில்லை.

"அக்கா, கொஞ்சம் கஞ்சி குடிக்கிறியாக்கா?"

"வேணாம்."

"தண்ணியாவது?"

"வேணாம்."

அவள் கண்ணில் நீர் வழிந்தது. அவன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அக்கா எங்கியோ போய்ட்டா மாமா. நம்மளால முடியுமா இது?" என்றான். அவள் இடது கை போர்வைக்குள் இருந்தது. பனிக்காலம், நான்தான் இறுக்கிப் போர்த்திவிட்டிருந்தேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தைக்கூடப் பொய் என்று நீங்கள் காட்ட முடியாது.

ஜெசிந்தாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நான்காம் நாள் வந்துவிட்டாள். "நோன்பா? அம்மா வேணும்னுதான சார் சொல்லுது. உங்களுக்குத் தெரியாததா?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜெயமதி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அந்தக் களேபரத்தில் அன்று மூன்று நாற்றுதான் நட முடிந்தது. பிறகு கேட்டைப் பூட்டிவைத்தேன். ஜெசிந்தா தெருவில் நின்று கத்தினாள். ஜிதேந்திரன் சொல்லக் கேட்டு, ஜன்னல் வழியே கும்பிட்டுப் போக வந்திருந்த எங்கள் சொந்தக்காரர்களே, நோன்பின் அருமை தெரியாதவள் என்று அவளைத் திட்டி அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். தண்ணீரைப் பார்த்துப் பார்த்து அவள் மனம் அலையக் கூடாது. அதன் பிறகும் அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது, சுவரைப் பார்த்து. பதினோராம் நாள் காலை கடைசி நான்கு நாற்றையும் நட்டேன். மூன்றாவதை நடும்போது சொல் நின்றிருந்ததைக் கவனித்தேன். நான்காவதையும் நட்டுவிட்டுத்தான் எழுந்தேன். நாற்றின் வேர் காயக் கூடாது.

ஆகவே ஜெசிந்தா உங்களிடம் கொடுத்த புகார் சரியானது. ஜெயமதி ஒவ்வொரு முறை வேணாம் என்றபோதும் அது வேணும்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுக்கவில்லை. ஆனால் அந்த அறுபத்தோரு செடிக்காக இதைச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் கோபப்படுகிறவன் இல்லை. தெரிந்து ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை அழைத்துப்போன பிறகு வீடு பூட்டிக்கிடக்கும். தொட்டிகளின் அடித்தட்டில் உள்ள தண்ணீர் நாலு நாளைக்குத்தான் வரும். மாடிப்படிக்குக் கீழே நீல டிரம்மில் மழைத்தண்ணீர் இருக்கிறது. ஜெசிந்தாவை விட்டு ஊற்றச் சொல்லுங்கள், அவள் பக்குவமாகச் செய்வாள். வாயில்லாத உயிர்கள், ஐயா. தாகம் என்று கேட்கத் தெரியாது. நாம்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.