அஞ்சாவது மாடி வெயில்

— "எனக்குப் பொறி தட்டியது." இப்படி ஆரம்பிங்க, கைதட்டல் பறக்கும்.

— லிஃப்ட் மெக்கானிக் மேடையேறி பொறி தட்டுச்சுன்னா கம்பெனியே வெளியில ஓடிரும். வேற எழுது.

— சரி... "மண்டையில் உறைத்தது"?

— அது திட்டு வாங்கினவனுக்கு.

— மேனேஜர்கிட்ட மூணு வாரமா நீங்க வாங்காததா?

— கிண்டல் பண்ணாம எழுதுடி. நாளைக்குக் காலையில பாராட்டு விழாவுல பேசணும்.

— "பளிச்சென்று விளங்கியது"?

— பாத்திரம் தேய்க்கிற பவுடர் விளம்பரம் மாதிரி இருக்கு.

— முதல்ல நடந்ததைச் சொல்லுங்க. வார்த்தை தானா வரும்.

— நடந்தது... அஞ்சாவது மாடியில மட்டும், தினமும் சாயங்காலம் நாலு மணி ஆனா லிஃப்ட் கதவு மூடவே மாட்டேன்னுச்சு. வயர், மோட்டார், போர்டு எல்லாத்தையும் மாத்தியாச்சு. மறுநாளைக்குள்ள சரியாகலைன்னா வேலையை விட்டு நின்னுக்கன்னுட்டார் மேனேஜர்.

— ம்... அன்னிக்கு உங்களுக்குச் சோறுகூட இறங்கலை. மூஞ்சியில துண்டைப் போட்டுக்கிட்டு சோபாவில விழுந்து கிடந்தீங்க.

— கிடந்தேனா... திடீர்னு எழுந்து உக்காந்தேன். ஆள் நிக்குதான்னு பாக்குறதுக்குக் கதவுல ஒரு கண்ணு இருக்கில்ல, அதுமேல ஜன்னல் வெயில் நேரா அடிக்குது. திரையைத் துவைக்க எடுத்தவங்க திருப்பி மாட்டலை. அவ்வளவுதான் கோளாறு.

— அந்தத் "திடீர்னு"க்குத்தான் வார்த்தை தேடுறேன். "பிடிபட்டது"... எப்படி?

— பிடிபட்டதுன்னா... திருடன் ஞாபகம் வருது.

— இதுல திருட்டு எங்க வந்துச்சு?

— ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க, பாப்போம்.

— எனக்கு எதுவும் தட்டவுமில்லை, உறைக்கவுமில்லை. நீ வேலை இடத்துக்கு எனக்கு டீ கொண்டு வந்தப்போ அஞ்சாவது மாடியில வெயில் கண்ணைக் கூசுச்சுன்னு, ஜன்னல்ல திரையே இல்லைன்னு, உங்க அக்காகிட்ட போன்ல சொல்லிக்கிட்டிருந்தே. துண்டுக்குள்ள படுத்துக்கிட்டே ஒட்டுக் கேட்டேன். கண்டுபிடிச்சது நீ, சூப்பர்வைசர் ஆகப்போறது நான். வெக்கமா இருக்கு.

— அடடா.

— அந்த வெயில் விஷயத்தை ஏன் நேரா என்கிட்டயே சொல்லலை?

— சொல்ல வந்தேனே. "லிஃப்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்"னு எரிஞ்சு விழுந்தீங்க.

— ...அதனால அக்காகிட்ட சொல்லி ஆத்திக்கிட்டியாக்கும்.

— அக்காவா? அன்னிக்கு என் போன் உள்ரூம்ல சார்ஜ்ல கிடந்துச்சு. நான் காதுல வச்சிருந்தது டிவி ரிமோட்டு.