எங்கப்பாவோட கக்கூஸ்

...அந்த டிரைவர் என்னப் பாத்த பார்வையப் பாத்தீங்களாம்மா? என்னமோ பொணத்தத் தூக்கிட்டு பஸ்ல ஏறுன மாதிரி! கக்கூஸ் பீங்கான்தானே... நல்லாக் கழுவுனது. நீங்க உக்காருங்க, உக்காருங்க. காலால அண்டக் குடுத்துக்கிறேன், உருளாது. உங்க மடியில இருக்குற பெட்டி மேல படாது. ம்ம்... சோம்பு வாசன வருதே? பிஸ்கட்டா? ஐயோ, பிஸ்கட் பேச்சையே எடுக்காதீங்க, அதுல நொந்து போனவன் நான்.

கார் இருக்கும்மா. சாவி என் பொண்டாட்டி பெர்னடெட் கைப்பையில இருக்கு. போயி கேக்குற தைரியந்தான் இல்ல.

எல்லாம் பேஸ்மென்ட்டால வந்த வென. நம்ம பிட்ஸ்பர்க்ல பழைய வீடுன்னா உங்களுக்கே தெரியும்... வீட்டுக்கு அடியில, பேஸ்மென்ட் நடுவுல ஒத்தக் கக்கூஸ் நிக்கும். சுத்தி செவுரு கெடையாது, கதவு கெடையாது. எங்கப்பா இரும்பாலையில இருந்து கரியும் புழுதியுமா வருவாரு. பின்கதவு வழியா நேரா கீழ. எல்லாத்தையும் முடிச்சு, குளிச்சுட்டுத்தான் மேல சாப்பாட்டுக்கு வருவாரு. அவரு போயிச் சேந்தாரு, கக்கூஸ் அப்படியே நின்னுச்சு. நான் ரிட்டயர் ஆனேனா... சும்மா கெடந்தேனா? பேஸ்மென்ட்ட ஹாலாக்குறேன்னு கெளம்பிட்டேன்! கார்ப்பெட்டு, பெரிய டிவி, ஓரமா பீர் குடிக்க ஒரு குட்டி பாரு, ஞாயித்துக்கெழம ஃபுட்பால் பாக்க சோபா. டிவிக்கு நேர் எதுத்தாப்ல கக்கூஸ்! என் மச்சான் வால்ட் எறங்கி வந்து பாத்துட்டு, "என்ன ஜெரி, இதுதான் முன் வரிச டிக்கெட்டா?"ன்னான். எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

பெர்னடெட் சொன்னாம்மா. "அது பாட்டுக்கு நிக்குது, விட்டுத் தொலைங்க"ன்னா. கேட்டா நான் ஜெரி இல்லையே! கழட்டித் தெருவுல வச்சேன், பழைய சாமான் கடைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். குழாய் வாய அடச்சேன். தரையில தண்ணி போற ஓட்ட ஒண்ணு இருந்துச்சு... கார்ப்பெட் போடணுமேன்னு அதையும் சிமென்ட் வச்சுப் பூசினேன். பூசிட்டு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னு அழகு வேற பாத்தேன்.

நாளைக்கு என் பொண்ணு டானாவுக்குக் கல்யாணம். நன்றிம்மா, நன்றி... நம்ம ஊர்க் கல்யாணத்துல வெட்டுற கேக்க யாரு பாக்குறா? வீட்ல சுட்டு அடுக்குற பிஸ்கட் மேச எவ்ளோ நீளம்னுதான பாப்பாங்க! பெர்னடெட்டும் அவ அத்தைங்க, தங்கச்சிங்களும் மாசக் கணக்கா சுட்டாங்க. வால்நட் வச்சது, ஆப்ரிகாட் ஜாம் வச்சது, க்ரீம் சுருளு... எப்பவும் குளுகுளுன்னு இருக்கும்னு பேஸ்மென்ட்லதான் அடுக்குவாங்க. இப்ப அங்க பெயின்ட் நாத்தம்! அதனால மேல பாத்ரூம்ல, குளிக்கிற தொட்டிக்குள்ள அடுக்கி வச்சாங்க. வீடு பூரா பொம்பளைங்க. ஒரே ஒரு கக்கூஸ். மெர்ட்டில் அத்த போனாங்க. தண்ணிய இழுத்து விட்டாங்க...

கீழ போகலம்மா. குழாய் அடப்பு. முந்தியெல்லாம் அடச்சா பேஸ்மென்ட்ல பொங்கும், தொடச்சு விட்டுருவோம். இப்ப அங்க இருந்த ரெண்டு வழியையும் நான்தான் அடச்சாச்சே! அது நேரா தொட்டியில ஏறி வந்துச்சு. பிஸ்கட்டுக்கு அடியில இருந்து... பொளபொளன்னு. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, வேற எவனாவது செஞ்சிருந்தா நானே சிரிச்சிருப்பேன்.

டானா அழல. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். "அப்பா, தாத்தாவோட கக்கூஸ் இன்னிக்கு ராத்திரிக்குள்ள பழைய எடத்துல நிக்கணும். இல்லேன்னா நாளைக்கு சர்ச்சுல வால்ட் மாமா கையப் புடிச்சுத்தான் நடந்து வருவேன்"ன்னுட்டா. வால்ட்டு! அந்த நக்கல் புடிச்சவன்! எனக்கு இருக்குறது ஒரே பொண்ணும்மா. அவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறத விட எனக்கு வேற என்ன இருக்கு? அதான் அந்தப் பழைய சாமான் கடைக்கு ஓடி, என் கக்கூஸ நானே காசு குடுத்து வாங்கிட்டு வர்றேன். இதோ பாருங்க, மூடியில எங்கப்பா சிகரெட்டு சுட்ட தழும்பு.

ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க யாரோ, நான் யாரோ... எறங்குனா முடிஞ்சுது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்து வேரு குழாய்க்குள்ள பூந்து அடச்சிருச்சுன்னு வீட்ல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பெர்னடெட் அந்த வீட்டம்மாவ மொறச்சுக்கிட்டுத் திரியுறா. வேரு எங்க வந்துச்சு? பாருக்கு டைல்ஸ் ஒட்டுனேன்ல... மிஞ்சுன சிமென்ட்டக் கரைச்சு, பக்கெட் பக்கெட்டா, கழட்டுறதுக்கு முன்னாடி இதோ இதுலயேதான் ஊத்தினேன். அடப்பெடுக்க வந்த குழாய்க்காரரு உள்ளருந்து பாறையா எடுத்துக் காட்டுனாரு. வாங்கி கோட்டுப் பையில ஒளிச்சுக்கிட்டேன். எங்க பாதிரியாருகிட்டகூடச் சொல்லல.

மாப்ள டொமினிக் வீட்டுக்காரங்க தங்கமானவங்க. விஷயத்தக் கேட்டதும் அவங்க பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் உடனே சுட ஆரம்பிச்சுட்டாங்களாம். பாதிப் பேர நான் பாத்ததுகூட இல்ல. இத்தாலிக்காரங்க... பிஸ்கட்ட மெல்லிசா சுடுவாங்க, சோம்பு போட்டு...

இருங்க, என் ஸ்டாப்பு. அட, நீங்களும் இங்கதானா? நல்லதாப் போச்சு, அந்தக் கதவக் கொஞ்சம் புடிங்க... எந்த வீட்டுக்கும்மா? பச்ச வாசப்படி... முன்னாடி மாதா சில... பக்கத்துல மேப்பிள் மரம்... அது எங்க வீடாச்சே!

சோம்பு...

அம்மா, நீங்க டொமினிக்கோட... பெரியம்மாவா?

ஐயோ. பெர்னடெட் வாசல்லயே நிக்கிறா. சம்பந்தியம்மா... மரத்து வேருன்னு நான் சொன்னது வேராவே இருந்துட்டுப் போகட்டும், என்ன? சம்பந்தியம்மா! கொஞ்சம் மெதுவா நடங்களேன்... இதத் தூக்கிக்கிட்டு என்னால ஓட முடியாது!