வீக்கம் எங்கே?

...சும்மா இருக்கச் சொல்றீங்களாக்கா? எப்படி லா சும்மா இருக்கறது! போன கிறிஸ்மஸ்லேர்ந்து தேடறேன், அரசாங்க இன்சூரன்ஸ் காப்புறுதிய ஏத்துக்கற மூட்டுவாத ஸ்பெஷலிஸ்ட்ட. கிளினிக்குக்குப் போன் பண்ணா, "யெஸ் மிஸ், வாங்க மிஸ்"னு தேனா ஒழுகும். காப்புறுதி பேரச் சொன்னதும், "டாக்டர் லீவு மிஸ்." எப்ப வருவாரு? "தெரியாது மிஸ்." சரி, கையில காசு குடுத்தா? "நாளைக்கே வாங்க மிஸ்!" அது என்ன லீவுக்கா அது, காசு வாசனை பட்டா முழிச்சிக்குது?

முன் சீட்டுல பஸ் ஜன்னல்ல சாஞ்சு தூங்குறாங்களே, அவங்கதான் எங்கம்மா, சவுந்தரம். பாயான் பாரு பேக்டரியில பொடிப்பொடி சாமானப் பொருத்தற வேலை. காலையில பாக்கணுமே, ஒவ்வொரு விரலும் பிசாங் மாஸ் வாழப்பழம் கணக்கா வீங்கி நிக்கும். சட்டைப் பட்டன நாந்தான் போட்டு விடணும். ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் குடுத்தா வேற செக்‌ஷனுக்கு மாத்துவாங்களாம். இல்லன்னா வீட்டுக்குப் போன்னு சூப்பர்வைசர் சொல்லியாச்சு.

கடைசியில ஒரே ஒரு ஆளு சிக்கினாரு. இப்ப அங்கேருந்துதான் வர்றோம். அந்த மகராசன் அம்மா கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "வீக்கம் எங்கே?"ங்கறாரு! எங்கேவா? நேத்து வந்திருந்தா காட்டியிருப்போம்ல! அதோட விட்டாரா? "பாசார்க் கடை மாத்திரை, ஜாமு மூலிகை, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" வந்துச்சு பாருங்க கோவம்! "காப்புறுதியில வந்தா படிக்காத சனம்னு நெனப்பா? நான் யூனிவர்சிட்டில படிக்கிறேன், டாக்டர்"னு புடிச்சேன் ஒரு புடி. அம்மா என்னமோ சொல்ல வாயத் தொறந்தாங்க. நான் விடுவேனா! அவரு சரி சரின்னு தலையாட்டினாருக்கா. லெட்டர் மட்டும் தரல. வீக்கம் வந்தா வாங்கன்னுட்டாரு. வெத்தல பாக்கு வச்சு வீக்கத்தக் கூப்பிடணும் போல!

என்னக்கா? மாத்திரையா? சேச்சே, அது மருந்தே இல்லக்கா. ஜெலுத்தோங் பாசார்ல ஒருத்தர் விக்கறாரு, வெறும் வேரு, நேச்சுரல். பஸ் ஏறி எறங்கணும், நாலு பேரு முன்னாடி முனகிக்கிட்டு நிக்க வேணாமேன்னு நாந்தான் நேத்து குடுத்தேன், காலையிலயும் குடுத்தேன். அருமையான சாமான்க்கா! விடியறதுக்குள்ள வீக்கம் பூரா அப்படியே வத்தி...

வத்தி...

ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க?

...அக்கா, அந்த பெல்ல கொஞ்சம் அமுக்குறீங்களா?

ம்மா. ம்மா, எந்திரிங்க. எறங்குங்க, திரும்பப் போலாம். ...ஒண்ணுமில்ல, வாங்களேன். இந்த வாட்டி நீங்களே பேசுங்க. நான் வெளிய உக்காந்துக்கறேன்.