எருமைக்கு நிற்கும் லாரி

டேப் ரிக்கார்டர் பழுதானதால், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் அன்று பேச்சு நன்றாகவே கேட்டது. முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எம்மவ எருமையோடதான் ரோட்டைத் தாண்டுவா,” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

“எருமையோடயா?”

“பிள்ளைகளுக்கு எந்த லாரிக்காரன் நிக்கான்? எருமைக்குன்னா நிப்பான். காலையில பால்காரர் ஓட்டிட்டு வாரப்ப, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பூராவும் அதை ஒட்டிக்கிட்டே தாண்டிரும்.”

“அது வராட்டா?”

“இன்னைக்கு வரல, கன்னு போட்டிருக்கு. நானே நடுரோட்டுல போயி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னேன். பிள்ளைக அம்புட்டும் தாண்டிருச்சு. லாரிக்காரன்தான் வாய்க்கு வந்தபடி வைதான்.”

“ஏட்டி, உனக்குக் கோவம் வரலையா?”

“எதுக்கு? நின்னுட்டுத்தான வைதான்.”